தோணாக்கரை மண்டபம்

கல்முனைப் பிரதான வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது கட்டடக் கலைஞர் பரீனாவின் அலுவலகம். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருடம், கொழும்பில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து அதைத் திறந்தார். மருதமுனையில் அவர் பிறந்த வீட்டில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. நிந்தவூர் நிப்றாஸ் பொறியியலாளனாகச் சேர்ந்தான். நாளடைவில் ஆட்களைப் பார்ப்பது, வேலை பிடிப்பது, சம்பளம் கொடுப்பது எல்லாம் அவன் தலையில் வந்து விழுந்தன.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வியாழக்கிழமைக் காலையில் கையிலுள்ள வரைபடங்களை எல்லாம் சுவரில் குத்திவைப்பார்கள். யாருக்காவது ஒரு படம் மனதுக்கு ஒப்பாவிட்டால், அந்தத் தாளை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடலாம். காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் கிடைக்கும்வரை படம் வெளியே போகாது. கொழும்பில் பரீனா வேலை செய்த இடத்தில், அகதிகளுக்கென்று ஒரு வீட்டுத் திட்டத்தைப் பள்ளக்காணியில் போட்டார்களாம். அது பள்ளம் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் மாரியிலேயே அடுப்படிகளுக்குள் தண்ணீர் நின்றது. தன் அலுவலகத்தில் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் பரீனா இந்த வழக்கத்தை வைத்தார். நிப்றாசுக்கு அது ஆரம்பத்தில் வீண் மினக்கேடாகத்தான் பட்டது.

உள்நாட்டுச் சண்டை முடிந்ததும் ஊர் மாறியது. வீதித் தடைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் பெயர்ப்பலகைகளைக் கழற்றிக்கொண்டு கிளம்பின. வீடு, பாடசாலை என்று வரிசையில் நின்ற வேலைகள் வற்றிவிட்டன. இப்படியே போனால் ஆட்களை நிறுத்தவேண்டி வரும் என்று நிப்றாஸ் பயந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பளீல் ஹாஜியார் படியேறி வந்தார். அரிசி ஆலைக்காரர். சாய்ந்தமருதில் தோணாவை ஒட்டி அவருக்கு ஒரு காணி இருந்தது. வயல்பக்கத்து மழைத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகிற நீரோடை அந்தத் தோணா. அந்த இடத்தில் இந்தக் கரையிலேயே இல்லாத மாதிரி ஒரு கல்யாண மண்டபம் கட்டவேண்டும் என்றார். மண் கொட்டி ஆள் உயரத்துக்கு நிரப்பவேண்டும், மாப்பிள்ளையின் கார் வாசலிலேயே வந்து நிற்கவேண்டும்.

பரீனா தானே உட்கார்ந்து வரைந்தார். உயர்ந்த கூரை, கடற்காற்று உள்ளே புகுந்து மறுபக்கத்தால் வெளியேறும் சுவர்கள், அகன்ற தாழ்வாரம். நிப்றாஸ் அவ்வளவு அழகான படத்தை அதுவரை கண்டதில்லை. வியாழக்கிழமை அது சுவரில் ஏறியது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, காரைதீவுச் சிவரூபினி எழுந்து போய் அதைத் திருப்பிவிட்டாள். அவளும் பொறியியலாளர்தான். வடிகால் வேலைகள் எல்லாம் அவள் பொறுப்பு.

“இந்த மூலையை நிரப்பினா மாரித் தண்ணி எங்க போற, மிஸ்?” என்றாள். “பின்னால இருக்கிற ஒழுங்கைக்குள்ளதான் போகும். இப்ப மழை முந்தின மாதிரி இல்ல. ஒரு மாசத்து மழை ரெண்டு நாளையில கொட்டுது.”

அந்த ஒழுங்கைச் சந்தில் இருந்தவை, கடல் வந்தபோது வீடிழந்த மீன்பிடிக் குடும்பங்கள். நிப்றாசுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் வந்த ஒரே வேலை இது, ஊரெல்லாம் நிரப்பித்தானே கட்டுகிறார்கள் என்று சத்தம் போட்டான். பரீனா அவனைத் தடுக்கவில்லை. சிவரூபினியிடம் தண்ணீர் வரும் வழியைப் பற்றி மட்டும் கேட்டார். தோணாவின் அகலத்தையும் விசாரித்தார்.

“அவ சொல்றது சரி. திரும்பினபடியே கிடக்கட்டும்,” என்றார்.

அன்று பின்னேரமே நிப்றாசையும் கூட்டிக்கொண்டு அரிசி ஆலைக்குப் போனார். ஹாஜியார் தேநீர் வரவழைத்தார். பரீனா சுற்றி வளைக்கவில்லை.

“நீங்க கேட்ட மாதிரித்தான் கீறினன், ஹாஜியார். ஆனா கீறினது பிழை. தண்ணிட பாதையில மண்ணைக் கொட்டிப்போட்டன். அந்தப் பிளேனை உங்களுக்குத் தர ஏலாது.”

ஹாஜியாரின் முகம் இறுகியது. “என்ட காணிக்குள்ள தண்ணிக்கு என்ன உரிமை, மகள்?” என்றார். ஒழுங்கைச் சனம் ஏற்கெனவே ஒருதரம் வீடு இழந்தவர்கள் என்று பரீனா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஹாஜியார் காது கொடுக்கவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியில் நிப்றாஸ் ஆட்களின் சம்பளத்தை மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தான். இதை விட்டுவிட்டு வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போகிற யோசனையும் அவனுக்கு வந்தது. ஆனால் மறுநாள் காலை அவன் வந்தபோது அலுவலகமே பரீனாவின் மேசையைச் சுற்றி நின்றது. கையை விட்டுப் போன வேலையை அவர் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். மண்டபம் இப்போது தூண்களின் மேல் நின்றது. கீழே கோடையில் கார்கள் நிற்கும், மாரியில் தண்ணீர் ஓடும். சிவரூபினி தூணுக்குத் தூண் இடைவெளி சொல்லச் சொல்ல, பரீனா அழித்து அழித்துக் கீறினார். யாருக்காக இது என்று நிப்றாஸ் கேட்டான். பிழையாகக் கீறிய ஒன்றைச் சரியாகக் கீறிப் பார்க்காமல் தனக்கு அடுத்த வேலையில் கை ஓடாது என்று, தலை நிமிராமலே அவர் சொன்னார்.

அவன் கொஞ்ச நாள் பொறுத்தான். பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் அந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஆலைக்குப் போனான். ஹாஜியார் முதலில் பார்க்கவே மாட்டேன் என்றார். மாப்பிள்ளையின் கார் நிழலிலேயே வந்து நிற்கும், பந்தல் போடத் தேவையில்லை என்று அவன் சொன்னபோதுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். சமையல் எங்கே நடக்கும் என்று கேட்டார். காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று கேட்டார். வேறு ஆள் கொடுத்த படம் மேசையில் அவர் பக்கத்திலேயே கிடந்தது, அதை அவர் தொடவில்லை.

“பிழை எண்டு தானே வந்து சொன்ன ஒரு ஆளை நான் இவ்வளவு காலத்து யாவாரத்தில காணல்ல, தம்பி,” என்றார் கடைசியில். “அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லுங்க, வாற வியாழக்கிழமை நானும் வாறன்.”

வந்தார். சுவரோரம் ஒரு கதிரையில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அலுவலகத்து வழக்கத்தைப் பரீனா விளங்கப்படுத்தியதும் எழும்பிப் போய், படிக்கட்டு வரைந்திருந்த தாளைத் தானே திருப்பிவிட்டார். வயதுபோன பெண்கள் அத்தனை படி ஏறமாட்டார்கள் என்றார். பரீனா உடனே பென்சிலை எடுத்தார். பெண்கள் பக்கத்தில் சாய்வான ஒரு நடைபாதை சேர்ந்தது.

அடுத்த தை மாதம் மழை பிடித்தது. அம்பாறை மாவட்டமே வெள்ளக்காடானது. மண்டபத்துக்கு அப்போது தூண்களும் மேல்தளமும் நடைபாதையும்தான் முடிந்திருந்தன. நிப்றாசும் பரீனாவும் இடுப்பளவு தண்ணீரில் வீதியைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சீமெந்துக் கொட்டிலை மூட்டைகளோடு தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் தூண்களுக்கு இடையால் வெள்ளம் விலகி விலகிக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கை வீடுகளில் வாசற்படி நனைந்ததோடு சரி. தோணாவின் அக்கரையில், மண் நிரப்பிக் கட்டிய கடைகளுக்குப் பின்னால் இருந்த வீடுகளில் யன்னல் வரைக்கும் தண்ணீர் நின்றது. அங்கிருந்து வந்த குடும்பங்கள் மண்டபத்தின் மேல்தளத்தில் தறப்பாள் கட்டியிருந்தன. நடக்க முடியாதவர்களைச் சாய்வான நடைபாதையால் கதிரையோடு தூக்கி ஏற்றினார்களாம். ஒழுங்கைக்காரி ஸுஹைறா பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அரிசி, ஹாஜியாரின் ஆலையிலிருந்து வந்தது.

சனம் பரீனாவைச் சூழ்ந்துகொண்டு அவருக்காக இறைவனிடம் துஆச் செய்தது. அவர் கூச்சத்தோடு சிரித்தார். அதற்குள், முன்பே வந்திருந்த சிவரூபினி கீழே நடைபாதைச் சரிவில் நின்று தூணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் உயரத்தை அளப்பதைக் கண்டுவிட்டு இறங்கிப் போனார். தண்ணீர், மேல்தளத்தைத் தாங்கும் வளைக்கு ஒரு சாண் கீழே நின்றது. நினைத்ததைவிட அதிகம் என்றாள் சிவரூபினி.

“அப்ப இனிக் கட்டுறதெல்லாம் இன்னும் உயரவேணும்,” என்றார் பரீனா. நனைந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே இரண்டு பேரும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நிப்றாஸ் மேலே கஞ்சிக் கோப்பையோடு நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீனாவோடு வேலை செய்கிறேன் என்று எவரிடமும் சொல்லலாம் போல அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஸுஹைறாவிடம் இன்னும் இரண்டு கோப்பை கஞ்சி வாங்கிக்கொண்டு, சிந்தாமல் மெதுவாக இறங்கிப் போனான்.