அஞ்சலிக்கு நின்றதை ஓட்டாக எண்ணினார்கள்

இத்தனை வயதுக்கு மேல் இப்படி ஒரு ஆத்திரம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

நானும் அக்காவும் நூற்பாலைத் தொழிலாளிகள். அப்போது எங்களுக்கு இருந்தது தாராளவாதக் கட்சி ஒன்றுதான். எட்டு மணி நேர வேலை கேட்டால், "பொறுங்க, பாத்துக்கலாம்" என்றே காலத்தை ஓட்டினார்கள். பொறுத்தது போதும் என்று வெளியேறியவர்கள்தான் தீவிர சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினோம். அடுத்த வேலைநிறுத்தத்தில் தாராளவாத மந்திரி ஆலை வாசலில் சுடச் சொன்னார். பேரில் மட்டும் தாராளம்! அக்கா அங்கேயே விழுந்து செத்தாள்.

இப்போது, பதவி போய்விட்ட அதே மந்திரியோடு கைகோத்தால்தான் நாங்கள் தேர்தலில் கரையேற முடியுமாம். இரண்டு கட்சிகளையும் இணைக்க எங்கள் செயலாளர் மாநாடு கூட்டி, அந்த ஆளையும் மேடைக்கு அழைத்திருந்தார். எங்களுக்குள் செயலாளர் பெயர் விலாங்கு. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கட்சியில் ஓட்டுக்குக் கை தூக்குவதில்லை. ஆதரிப்பவர் எழுந்து நிற்க வேண்டும், எதிர்ப்பவர் உட்கார்ந்திருக்க வேண்டும். "ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருப்பேன், பாரு" என்று வாசலிலேயே விலாங்கிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

முதலில், ஆலை வாசலில் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி. அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் வீட்டார் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம், மேடையில் வாய் திறக்கலாம். நான் எழுந்தேன். மண்டபமே எழுந்தது. கண்ணை மூடினேன், அக்காவின் முகம் வந்தது.

"இணைப்புத் தீர்மானம். எல்லாரும் நிக்கிறீங்க. ஏகமனதா நிறைவேறியது. உக்காருங்க!" என்றார் விலாங்கு, ஒரே மூச்சில்.

பாதிப் பேர் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அடப்பாவி! நான் எங்க அக்காவுக்குடா நின்னேன்! அவளைச் சுடச் சொன்ன ஆளுக்கா நின்னேன்?"

"கோபப்படாதீங்கக்கா. எல்லாம் கட்சி நல்லதுக்குத்தான். உக்காருங்க."

"யாருக்குடா அக்கா? அவ சாவைக் காட்டி ஓட்டுத் திருடுறியே, வெக்கமா இல்ல? நான் உக்கார மாட்டேன். அஞ்சலி இன்னும் முடியல. முடிஞ்சப்புறம் எடு உன் ஓட்டை!"

முன்னாள் மந்திரி மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த..." என்று ஆரம்பித்தார். "உஷ்!" என்றது பின்வரிசை. ஆலைப் பெண்கள் மறுபடி எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள், இணைப்புக்கு ஆதரவாக வந்தவர்கள்கூட. விலாங்கு என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

மந்திரிக்கு வேறு வழியில்லை. மைக்கை விட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார். அக்கா செத்த இத்தனை வருஷத்தில் அவளுக்காக அந்தத் தலை குனிந்தது அன்றுதான்.

எனக்குக் கால் கடுத்தது. அவருக்கும் கடுத்திருக்கும். நிற்கட்டும்.