காலடிப் பெட்டி

அன்று காலையிலிருந்தே முழங்கால் இரண்டும் எரிந்தன. புகையிலைத் தோட்டத்தில் பதினோரு வருடம் குந்தியிருந்து களையெடுத்த முழங்கால்கள். இப்போது ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிறேன், முடியாதவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுகிறேன்.

காச்சிங்வே தாத்தாவுக்குக் கால் குட்டை, கை நடுக்கம். நாற்காலியில் பாதம் தரைக்கு எட்டாமல் சறுக்கிக்கொண்டே போவார். அதனால் பீர் பாட்டில் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக் காலுக்கடியில் வைப்போம். கால் ஊன்றினால் முதுகு நிமிரும். நான் எதிரே மண்டியிட்டு ஊட்டுவேன். பெரியவர்களுக்கு நின்றுகொண்டு சோறு கொடுப்பது எங்கள் வழக்கத்தில் அவமரியாதை. கீழிருந்து கொடுத்தால் தாடையைத் தாழ்த்தி ஒழுங்காக விழுங்குவார் என்று இல்லத்துத் தலைமை நர்ஸான மேட்ரனும் சொல்லியிருந்தார்.

அன்று கீரை ஆயும்போது உட்காருவதற்கு அந்தப் பெட்டியை எடுத்துப் போனேன். திருப்பிக் கொண்டுவரவில்லை. மண்டியிடவும் இல்லை.

தாத்தா அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, நின்னுக்கிட்டே ஊட்டுறே? நான் என்ன கன்னுக்குட்டியா?"

"பேசாம வாயைத் தொறங்க தாத்தா. இன்னும் நாலு பேரு காத்துக்கிட்டிருக்காங்க."

ஊன்றப் பெட்டி இல்லாமல் அவர் இடுப்பு சறுக்கியது. கழுத்து பின்னால் சாய்ந்தது. சோளக்களி உருண்டை தொண்டையில் அடைத்து உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. மேட்ரன் ஓடிவந்து அவரை முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டியதும்தான் களி வெளியே விழுந்தது.

"என்ன நடந்துச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் தாத்தா இருமலோடு சொன்னார். "நாந்தான் மேட்ரன், அவசரப்பட்டு முழுங்கிட்டேன். சுரங்கத்துல வேலை பாத்த பழக்கம். சங்கு ஊதுறதுக்குள்ள தின்னாகணும்ல."

நானும் தலையாட்டினேன்.

விழுங்கும் சக்தி குறைந்துவிட்டது என்று மேட்ரன் அவர் பெயருக்கு நேரே எழுதினார். அன்றிலிருந்து அவருக்குக் கட்டிலில் கூழ் மட்டும். மேசையில் எல்லாக் கிழவர்களையும் கிண்டலடித்துச் சாப்பிட்டவர், இப்போது சுவரைப் பார்த்து அதைக் குடிக்கிறார். நான் பக்கத்தில் மண்டியிட்டுத்தான் ஊட்டுகிறேன்.

"களி எப்பம்மா குடுப்பீங்க?"

"மேட்ரன்கிட்ட கேக்குறேன் தாத்தா."

"கேளு. நீ கேட்டாக் குடுப்பாங்க."

மூன்று வாரமாகிறது. கேட்கவில்லை. கேட்டால் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். சொன்னால் அவருக்கு மேசையில் இடம் திரும்பக் கிடைக்கும், எனக்கு வேலை போகலாம். அன்று மாலை நான் திருப்பி வைத்த பெட்டி அவர் நாற்காலிக்கடியில் சும்மா கிடக்கிறது.

பெட்டியை எடுத்தது நான்தான், நின்றுகொண்டு ஊட்டியதும் நான்தான் என்று மேட்ரனிடம் சொல்வது, தாத்தாவுக்கு நான் பட்ட கடன். இன்னும் தீர்க்கவில்லை.