தீயை வெட்டிய படம்

முந்தின கிறிஸ்துமஸில் காகித நட்சத்திரத்துக்குள் வைத்த மெழுகுவர்த்தி சாய்ந்து, கடற்கரைத் தெருவில் ஒரு வரிசைக் குடிசை எரிந்து போயிருந்தது. அதனால் 1976 டிசம்பர் பிறந்ததுமே தீயணைப்பு நிலைய அதிகாரி சங்கரலிங்கம், பெண்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை கிருபாபாயைத் தேடி வந்தார். எச்சரிக்கைச் சுவரொட்டி ஒன்று வரைந்து தர வேண்டும்.

கிருபாபாய் நாசரேத் ஊர்க்காரி, மாதாவை வணங்காத புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவள். வேலையில் குறை வைக்க மாட்டாள். குடிசை வாசலில் குழந்தையோடு ஒரு தாய், தலைக்கு மேல் சிவப்பு நட்சத்திரம், ஓரத்தில் ஓலையைப் பற்றும் தீ, அடியில் ‘நட்சத்திரத்துக்குள் மெழுகுவர்த்தி வேண்டாம்’ என்ற வரி. அச்சாகி வந்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஒட்டிய மறுநாளே சுவர்கள் வெறுமையாகக் கிடந்தன.

“எவனோ வேணும்னே கிழிச்சிருக்கான் டீச்சர்” என்று கொதித்தார் சங்கரலிங்கம்.

இருவரும் தெருவுக்குள் போனார்கள். முதல் குடிசையிலேயே படம் கிடைத்தது. விக்டோரியா என்ற மீனவப் பெண் அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தாள். தீயும் எழுத்தும் மட்டும் இல்லை.

“கீழ எழுதியிருந்தத வாசிக்கலையா?”

“வாசிச்சேன் டீச்சர். மாதா பக்கத்துல தீ எரியலாமா? அதான் வெட்டிட்டேன்.”

தான் வரைந்தது மாதாவை அல்ல என்று சொல்ல கிருபாபாய்க்கு வாய் வரவில்லை. உள்ளூரச் சின்ன சந்தோஷம் வேறு. ஆனால் வாசல் ஓலையில் புது நட்சத்திரம் தொங்கியது. உள்ளே மெழுகுவர்த்தி நட்டிருந்தது.

அன்று மாலையே வேறு படம் வரைந்தாள். மூங்கில் எலும்பு மட்டும் மிஞ்சிய, எரிந்த நட்சத்திரம். கறுப்பு மையில் மட்டும்.

“பார்க்க நல்லாவே இல்லியே டீச்சர்” என்றார் சங்கரலிங்கம்.

“நல்லா இருந்தா வீட்டுக்குள்ள போயிரும் சார்.”

அதை யாரும் தொடவில்லை. மழையில் கரையும்வரை சுவரிலேயே இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று ஒரு கூரை பற்றியது. மண்ணும் தண்ணீரும் வீசி அணைத்தார்கள்; ஆளுக்குச் சேதமில்லை. சங்கரலிங்கம் அதைப் பாதி வெற்றி என்றார். கிருபாபாயும் அங்கே வந்திருந்தாள்.

திரும்பும் வழியில் விக்டோரியாவின் குடிசையைப் பார்த்தாள். வாசல் ஓலையில் நட்சத்திரம் இல்லை. குடிசைக்கு எட்டத்தில், மணலில் நட்ட கம்பின் நுனியில் அது ஒளிர்ந்துகொண்டிருந்தது, மெழுகுவர்த்தியோடுதான்.

“அணைக்கச் சொல்லவா டீச்சர்?” என்று கேட்டார் சங்கரலிங்கம்.

“வேண்டாம் சார்” என்றாள்.