இரண்டு நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும் திரை

மனித குலத்தின் எல்லாப் பேரழிவுகளுக்கும் ஒரே மூலகாரணம், திறந்த கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவதுதான். இதை அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முந்நூறு பக்க ஆய்வேட்டின் முதல் வரியே அதுதான். கணினி முன் உட்கார்ந்திருப்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று சரிபார்ப்பது அவனுடைய ஆராய்ச்சி. நண்பர்கள் வைத்த பெயர் பூட்டு.

அவன் அண்ணி கல்லீரல் அறுவை மருத்துவர். வயிற்றைக் கிழிக்காமல், நாலைந்து சின்னத் துளைகள் வழியே கட்டியை எடுக்கும் முறையை ஆராய்பவர்.

"நீங்க ஓட்டை போட்டுப் பேர் வாங்குறீங்க அண்ணி. நான் ஓட்டையை அடைச்சுப் பேர் வாங்குறேன்."

"முதல்ல உன் சட்டை அக்குள்ல இருக்குற ஓட்டையை அடைடா."

அண்ணியின் ஆபரேஷன் தியேட்டரில் காலையில் ஒருவர் தன் கடவுச்சொல்லைப் போட்டுக் கணினியைத் திறப்பார். மாலைவரை எல்லோரும் அதிலேயே புழங்குவார்கள். திரை அணையாமலிருக்கத் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் அவ்வப்போது ஒரு விசையைத் தட்டிவிட்டுப் போவார். "தாளம் போடுறாங்க, கச்சேரி மட்டும்தான் பாக்கி" என்று பூட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அவனுடைய தீர்வு கைரேகை. இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். இருநூறு மாணவர்களிடம் சோதித்தாயிற்று, ஒருவருக்கும் சிக்கலில்லை. அவர்களில் ஒருவரும் கையுறை போட்டிருக்கவில்லை என்பது ஆய்வேட்டில் இடம்பெறவில்லை.

அண்ணியிடம் கெஞ்சி ஒரு நாள் சோதனைக்கு அனுமதி வாங்கினான். திரை அணையாமலிருக்கச் சும்மா விசையைத் தட்டக் கூடாது என்ற விதியை மீறியவர் யார், எத்தனை முறை என்ற பட்டியலோடு போனால் போதும். குற்றம் ஆளுடையது, கருவியுடையதல்ல என்று ஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளும். பட்டம் உறுதி. குறிப்பேடும் முகமூடியுமாக மூலையில் நின்றான்.

மேசையில் ஒரு பஸ் டிரைவர் மயக்கத்தில் கிடந்தார். அவர் கல்லீரலுக்குள் எந்த ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் அந்தக் கணினியில். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வழியில்லாத அறுவை அது. அண்ணிக்கு அந்தப் படம்தான் விரல்.

பத்தாவது நிமிடமே திரை பூட்டிக்கொண்டது. பெரிய சிஸ்டர் கையுறையைக் கழற்றி ரேகை வைத்தார். படம் மறுபடி ஏற நாலு நிமிடம். அதுவரை அண்ணி கருவிகளை அசைக்காமல் நின்றார். புதுக் கையுறை மாட்டிய சிஸ்டர், பழையபடி விசையைத் தட்ட ஆரம்பித்தார்.

"சிஸ்டர், இது விதிமீறல்."

"எழுதிக்கோங்க தம்பி."

"உங்க பேரோட எழுதுறேன்."

"தாராளமா. பேனாவுல மை இருக்கா? இன்னும் மூணு மணி நேரம் தட்டுவேன்."

"நடவடிக்கை வரும்."

"வரட்டும், பேசிக்குறேன். இவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகணும். அதுக்கப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

பூட்டும் விடவில்லை. பதினேழு முறை எழுதினான்.

அப்போது, துளை வழியே வயிற்றுக்குள் விட்டிருந்த கேமரா காட்டிய படம் முழுக்கச் சிவந்தது.

"ரத்தம்," என்றார் அண்ணி. குரல் ஏறவில்லை. "சிஸ்டர், ரெண்டு பாட்டில் ரத்தம், பெரிய கிளிப். ஓடுங்க."

சிஸ்டர் ஓடினார். மற்ற எல்லோர் கையிலும் ஏதோ ஒரு கருவி. வரைபடம் மங்கி, ஒரு வாக்கியம் எழுந்தது: 'உங்கள் பாதுகாப்புக்காகப் பத்து நொடியில் பூட்டப்படும்.' அந்த வாக்கியத்தை மரியாதையாக அமைக்க அவன் ஒரு வாரம் செலவிட்டிருந்தான்.

"குழாயோட கிளை எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கணும். படம் போகக்கூடாது," என்றார் அண்ணி, யாரையும் பார்க்காமல்.

ஆறு. ஐந்து.

பூட்டு பேனாவைப் பையில் செருகிவிட்டு விசையருகே ஓடினான். தட்டினான். வரைபடம் தெளிந்தது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி தட்டினான். கேமரா படத்தில் ஒரு கிளிப் கவ்வியது, இன்னொன்று. சிவப்பு மெல்ல வடிந்தது.

சிஸ்டர் மூச்சிரைக்க வந்து ரத்தப் பாட்டிலை மாட்டினார். "நகருங்க தம்பி, அதை நான் பாத்துக்குறேன்."

"நீங்க அவரைப் பாருங்க சிஸ்டர்," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தட்டினான்.