தரையைத் தொடும் திரை

நனைத்துப் பிழிந்த துண்டால் மாமியாரின் காலைத் துடைத்துக்கொண்டிருந்த ஜேனின் கை முழங்காலருகே நின்றது. நேற்றுவரை இல்லாத நீலத் திட்டுகள் அங்கே படர்ந்திருந்தன. பாதங்கள் சில்லிட்டிருந்தன. ஆஸ்பத்திரி வார்டில் இப்படிக் கண்டால் நர்ஸ் ஜேன் உடனே சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, இன்று எங்கும் போய்விடாதீர்கள் என்று சொல்லிவிடுவாள். இங்கே சொந்தக்காரியே அவள்தான். போர்வையை இழுத்து மூடினாள்.

"துடைச்சது போதும் கண்ணு," என்றாள் விக்டோரியா. "போயி புடவைய மாத்து. ஞாயித்துக்கிழமை. நேரமாச்சுன்னா ஃபேமிலி ரூம் கிடைக்காது."

வயிற்றுக் கட்டிக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலில் ஏறி இறங்க முடியாமல் போனதால் முன்னறையில் தரையிலேயே மெத்தை போட்டிருந்தது. அங்கே படுத்தபடி விக்டோரியா ஒரு வாரமாக ஒரே வேலையைத்தான் செய்தாள். மகனும் மருமகளும் போய்ச் சாப்பிட ஒரு ஹோட்டல் பார்த்தாள். பால்காரி, கோயிலிலிருந்து ஜெபம் பண்ண வந்தவர்கள், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி சென்னம்மா, ஒருவரையும் விடவில்லை. எந்த ஹோட்டலில் ஃபேமிலி ரூம் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறதா, திரை எப்படி?

ஸ்டேஷன் எதிரே இருந்தது முதலில் கழிந்தது. அங்கே திரை இல்லை, அரைக்கதவு. "கீழ காலு தெரியும், மேல தலை தெரியும். நடுவுல மட்டும்தான் குடும்பமா?" மார்க்கெட் பக்கத்து மாடி ஹோட்டலில் சர்வர் கூப்பிடாமலே தலையை நீட்டுகிறானாம். கடைசியில் காந்தி சதுக்கத்துப் பக்கம் ஒன்று தேறியது. நீலத் திரை, தரையைத் தொடுகிறது. சர்வர் வெளியே நின்று இருமிவிட்டுத்தான் வருவான். அரிசிக் கட்டுப்பாடு எடுத்த பிறகு சோறும் வயிறு நிறையப் போடுகிறார்கள்.

ஒரு அறையும் ஒரு அடுப்பங்கரையும்தான் வீடு. ஜேனுக்கு நைட் டியூட்டி, எட்வர்டுக்குப் பகலில் ரயில்வே ஒர்க்‌ஷாப். அவன் சாப்பிடும்போது அவள் பரிமாறுவாள். அவள் சாப்பிடும்போது அவன் தூங்கியிருப்பான், அல்லது கிளம்பியிருப்பான். கல்யாணமாகி ஏழு மாதத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. படுத்தபடியே விக்டோரியா அதைக் கவனித்திருந்தாள்.

"உங்க மாமா என்னை ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போனாரு," என்றாள் இப்போது, மூச்சை இழுத்து. "ரூமெல்லாம் ஃபுல்லு. ஹால்ல உக்காந்தோம். ஊரே பாக்குதேன்னு நான் இட்லியப் பிட்டது கூட இல்ல. அவரு ரெண்டு தட்டையும் தின்னுட்டு ஏப்பம் விட்டாரு."

இஸ்திரி போட்ட சட்டையோடு எட்வர்ட் வந்தான். "அம்மா, அடுத்த வாரம் போறோமே."

"அடுத்த வாரம் எனக்கு வேற வேலை இருக்குடா."

துணைக்கு வந்த சென்னம்மா சிரித்தபடி கையை வீசினாள். "ஹோகி பன்னி, ஹோகி பன்னி! போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

விக்டோரியா இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். ஜேனின் புடவைத் தலைப்பைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள். கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

ஜட்கா வண்டி ஸ்டாண்டு தெரிகிற திருப்பத்தில் ஜேன் நின்றாள்.

"ஏங்க, இன்னிக்கு ராத்திரி தாண்டாது."

எட்வர்டுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பினான். அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"இப்ப திரும்பிப் போனா நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். இந்த ஒரு வாரமா அவங்க நினைச்சது இது ஒண்ணுதான்."

"அதுக்காக? நான் சாம்பார் ஊத்திச் சாப்பிட்டுட்டு இருக்கிறப்போ அவங்க போயிட்டா?"

அவன் குரல் உடைந்தது. ஜட்காக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். ஜேன் அவன் கையைப் பிடித்து, வந்த தெருவுக்கு இணையாக ஓடும் சந்துக்குள் நடந்தாள். அது அவர்கள் வீட்டுக் கொல்லைக்குத்தான் போனது.

பின்கதவை எட்வர்ட் சத்தமில்லாமல் தூக்கித் திறந்தான். இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்தார்கள். முன்னறைக்கும் அதற்கும் நடுவே விக்டோரியாவின் பழைய நூல் சேலை திரையாகத் தொங்கியது. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. ஜேன் நின்று கேட்டாள். சீராகத்தான் வந்தது.

காலையில் வடித்த சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் இருந்தன. பாத்திர அடுக்கிலிருந்து இரண்டாவது தட்டை உருவினால் சத்தம் கேட்கும். ஒரே தட்டில் போட்டுக்கொண்டு தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதலில் எட்வர்ட் சோற்றைத் தொடவில்லை. பிறகு கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கொஞ்சம் பிசைந்து, அவள் பக்கம் தள்ளினான். அவன் ஒரு பக்கமாகவே மெல்லுகிறான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கறிவேப்பிலையை அவன் ஒரு ஓரத்தில் ஒதுக்க, அவள் தன் ஓரத்தில் ஒதுக்கினாள்.

"மேடம், இன்னும் கொஞ்சம் சாதம்?" என்று அவன் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள்.

அப்போது தண்ணீர் எடுக்கச் சென்னம்மா திரையை விலக்கினாள். தட்டைப் பார்த்தாள், இருவர் முகத்தையும் பார்த்தாள். "அய்யோ!"

"யாரு சென்னம்மா?" உள்ளேயிருந்து விக்டோரியா.

"பெக்கு அம்மா, பெக்கு. பூனை!" சென்னம்மா திரையை விட்டுவிட்டாள். தண்ணீர் எடுக்கவே இல்லை.

சந்து முனைக் கடையில் எட்வர்ட் இரண்டு பீடா வாங்கினான். வாய் சிவந்த பிறகு முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். விக்டோரியாவின் கண்கள் திறந்தே இருந்தன.

"ஃபேன் ஓடிச்சா?"

"ஓடிச்சும்மா."

"என்ன சாப்பிட்ட?"

"கத்திரிக்கா..."

"கத்திரிக்கா போட்ட வாங்கிபாத் அத்தை," என்றாள் ஜேன் அவசரமாக. "சர்வர் இருமிட்டுத்தான் வந்தாரு."

விக்டோரியா தலையை அசைத்தாள். பேச்சுக்கு இடையே இப்போது நெடுநேரம் ஓய்வெடுத்தாள்.

"ஹோட்டல்ல பூனை வந்துச்சா?"

சென்னம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். எட்வர்ட் தரையைப் பார்த்தான்.

"வந்துச்சு அத்தை," என்றாள் ஜேன். "ரெண்டு."

"சாப்பிட்டுட்டுப் போகட்டும். விரட்டாதீங்க."

எட்வர்ட் அம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விளக்குப் போடுகிற நேரத்தில் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே தூரம் கூடியது. ஜேன் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை நிறுத்தினாள்.

மறுநாள் அடக்கம் முடிந்து, சென்னம்மா கொடுத்தனுப்பிய காபியைக் குடித்துவிட்டு உறவினர்கள் கிளம்பினார்கள். எட்வர்ட் தன் டம்ளரோடு அடுப்பங்கரைக்குள் போனான். ஜேன் மெத்தையைச் சுருட்டக் குனிந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத உடம்பு அப்படியே சாய்ந்துவிட்டது. மாமியார் தலை வைத்த பள்ளத்தில் அவள் தலை பதிந்தது. முகம் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பியிருந்தது.

எத்தனையோ துவைப்புக் கண்ட சேலை. சுருங்கிச் சுருங்கித் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டிருந்தது. அந்த இடைவெளியில் எட்வர்டின் சப்பணமிட்ட கால்கள் தெரிந்தன. டம்ளர் தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த விரல்கள் தெரிந்தன. எதிரே, நேற்று தட்டு இருந்த இடமும் அதற்கப்பால் அவள் உட்கார்ந்த இடமும் சிமெண்டுத் தரையில் வெறுமையாகக் கிடந்தன.

நெடுநேரம் அவள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

பிறகு எழுந்து உள்ளே போய் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கையை நீட்டித் திரையைக் கீழே இழுத்துவிட்டாள். அது தரையைத் தொடவில்லை.