பட்டுச் சாத்திய புல்டோசர்

சாட்சிக்கு வாருங்கள். நீதிமன்றத்துக்கல்ல, தென்மராட்சியின் தெற்குக் கரையிலே, கடல்நீரேரியை ஒட்டிக் கிடக்கும் ஒரு மண் அணைக்கு வாருங்கள். அணையின் இந்தப் பக்கம் உப்புத் தண்ணீர். அந்தப் பக்கம் முளைத்து மூன்று வாரமான நெல். நடுவிலே, போன மாரி உடைத்துவிட்டுப் போன முப்பது யார், அதாவது தொண்ணூறு அடி, அகலமான உடைப்பு. அதை அடைக்க ஒரு புல்டோசர் நிற்கிறது. அதைச் சுற்றிப் பதினொரு ஆண்கள் நிற்கிறார்கள். எஞ்சினுக்கு வலு காணாதாம். வலு எங்கே போனது என்று பதினொரு பேரும் டீசலிலே தேடுகிறார்கள், எண்ணெயிலே தேடுகிறார்கள், கிரகங்களிலே தேடுகிறார்கள். காரணமோ அவர்களுடைய கண்ணுக்கு நேரே, சிவப்புப் பட்டு உடுத்திக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பட்டைத் தைத்தவள் நாகேஸ்வரி. விவசாயிகள் சங்கத்தின் பன்னிரண்டு பேர் கொண்ட நிர்வாகசபையில் ஒரே பெண். கூட்டம் தொடங்கினால் தேநீர் ஊற்றுவதற்கும், முடிந்தால் கதிரைகளை அடுக்குவதற்கும் மட்டுமே அவள் அங்கத்தவர் என்பது அவளுக்குத் தெரியும். கணவன் இறந்த ஆறு வருடமாகப் பதின்மூன்று பரப்பு வயலைத் தானே செய்கிறாள். ஓய்ந்த நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறாள். அவளுடைய வயல்தான் அணைக்கு அடுத்த முதல் வயல். நீரேரி ஏறினால் முதலில் குடிப்பது அவளுடைய மொட்டைக்கறுப்பன் நெற்பயிர். ஒருமுறை உப்பு ஏறிய மண்ணை மூன்று மாரி கழுவினாலும் போதாது.

உடைப்பை விதைப்புக்கு முன்னரே அடைப்பதாக ஆடியிலே தீர்மானம் எழுதினார்கள். ஆவணியிலே நல்ல நாள் அமையவில்லை. புரட்டாதியிலே, நவராத்திரி வருகிறதே, இயந்திரத்துக்குப் பூசை வைத்துவிட்டு விசயதசமியிலே தொடங்கலாம் என்றார் தலைவர் கதிரவேலு. அரசாங்கத்தின் தெருப் பகுதியில் மேற்பார்வையாளராயிருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரங்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்று நம்புகிறவர். விசயதசமிக்கும் முழுநிலா நாளான பறுவத்துக்கும் இடையே ஐந்தே நாள். பறுவத்திலே நீரேரி பெருகும். இதை நாகேஸ்வரி கூட்டத்திலே சொன்னாள். தேநீருக்குச் சீனி காணாது என்று ஒருவர் மறுமொழி சொன்னார்.

சரஸ்வதி பூசையன்று புல்டோசரைக் கழுவிச் சந்தனம் பூசினார்கள். அதன் முகப்பிலே இரண்டு குழாய்கள் நிமிர்ந்து நிற்கும். ஒன்று புகை கக்குவது. மற்றது, உச்சியிலே உருண்டையாக ஒரு மூடி வைத்தது, எஞ்சின் காற்றை இழுப்பது. புகை கக்குகிற அசுத்தக் குழாய்க்குப் பட்டுச் சாத்தலாமா? கூடாது. ஆகவே மற்ற உருண்டைதான் இயந்திரத்தின் தலை என்று கதிரவேலர் தீர்மானித்தார். அந்தத் தலைக்கு அளவெடுத்து, இரட்டை மடிப்பிலே, கீழே நாடா வைத்து, குல்லாய்போல ஒரு பட்டு தைத்துத் தரும்படி நாகேஸ்வரியிடம் சொன்னார்கள். அவளும் நேர்த்தியாகத்தான் தைத்தாள். கோயில் ஐயர் வந்து சாத்தினார்.

மறுநாள் காலையிலே ஓட்டுநர் சுபாஸ்கரன் இயந்திரத்தை அணையில் ஏற்றினான். கிழட்டு எஞ்சின்தான், என்றாலும் போன வருடம் முழுப் பிளேட் மண்ணையும் முனகிக்கொண்டாவது தள்ளியது. அன்றைக்கு அரைப் பிளேட்டுக்கே இழுத்து இழுத்து நின்றது. புழுதி பறக்கப் பறக்கப் புகை கறுத்தது. புகை கறுக்கக் கறுக்க வலு குறைந்தது. பின்னேரத்துக்குள் பிளேட்டிலே கால்வாசி மண்தான் நகர்ந்தது.

"டீசல் காணாது. டீசல் அனுப்புற பம்மைத் திருகிக் கூட்டிவிட்டால் வலு வரும்," என்றார் கதிரவேலர்.

"அதைத் திருக எனக்குத் தெரியாது, தலைவர்," என்றான் சுபாஸ்கரன்.

"தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுவம்."

அடுத்த நாள் குருநகரிலிருந்து சிமியோன் வந்தார். முப்பது வருடமாகப் படகு எஞ்சின்களோடு வாழ்கிறவர். வந்தவர் எதையும் திருகவில்லை. எஞ்சினை இயக்கச் சொல்லி, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, இயந்திரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பட்டுக் குல்லாய் உருண்டையோடு ஒட்டி, உள்ளே இழுபட்டு, குழிந்து போயிருந்தது.

"உது என்ன?" என்று கேட்டார்.

"பட்டு. பூசைக்குச் சாத்தினது," என்றார் கதிரவேலர்.

"சாத்தினதுதான் பிழை, தலைவர் ஐயா. எஞ்சின் மூச்சிழுக்கிற வாயையெல்லோ சாத்திப்போட்டியள். சனிக்கிழமை பூட்டின அரசாங்கக் கந்தோர் மாதிரி நிக்குது."

சுபாஸ்கரன் சிரித்துவிட்டான். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

"சிமியோன், நீர் எஞ்சினைப் பாரும். எங்கடை சாமி காரியத்தை நாங்கள் பாப்பம்."

"நான் சாமியிலை பிழை சொல்லேல்லை. எங்கடை ஆக்களும் வள்ளத்துக்கு மாலை போடுறவை. முன்பக்க அணியத்திலை போடுவினம், எஞ்சினுக்குள்ளை போடாயினம். உதைக் கழட்டிப் பக்கத்திலை கட்டுங்கோ. வலு தானாய் வரும்."

"நாப்பத்தொரு நாள் இருக்கோணும். நடுவிலை எடுக்கப்படாது."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

நாகேஸ்வரி வாய் திறந்தாள். "ஐயரிட்டை ஒருக்காக் கேட்டால் என்ன?"

"ஐயர் கொழும்பிலை. பறுவம் கழிச்சுத்தான் வருவார்."

"போன் எடுத்துக் கேக்கலாந்தானே."

"உதெல்லாம் போனிலை கேக்கிற விசயமோ, பிள்ளை?"

கைத்தொலைபேசியிலே பேரன் பிறந்த நட்சத்திரத்தைக் கேட்டவர், கல்யாணப் பொருத்தத்தைக் கேட்டவர், கிணறு வெட்ட நாள் கேட்டவர் இதைச் சொன்னார். கேட்டு நின்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களிலே மூன்று பேருக்கு அணையின் உட்புறத்திலே வயல் இருந்தது. எது அவர்களுடைய வாயை அடைத்தது? அவர்களுக்குப் பட்டுச் சாத்தியவர் யார்?

பம்மைத் திருகத்தான் வேண்டும் என்று சபை நின்றது. சிமியோன் திருகினார். திருகுமுன், "இது கேடு. மூச்சுத் திணறுறவனுக்குச் சோத்தைத் திணிக்கிற வேலை. உங்கடை சொல்லிலை செய்யிறன், பிறகு குருநகரான் பழுதாக்கினவன் எண்டு கதைக்கப்படாது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அரைச் சுற்றுத் திருகினதும் புகை தாரைப்போலக் கொட்டியது. அரை மணித்தியாலத்தில் றேடியேற்றர் கொதித்து ஆவி சீறியது. இயந்திரம் நின்றது. சிமியோன் அந்த அரைச் சுற்றைத் திரும்பக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்து, பேருந்துக்கு நடந்தார். போகிற வழியிலே நாகேஸ்வரியிடம், "தங்கச்சி, அதை நல்லாய்த் தைச்சிருக்கிறியள். அதுதான் கரைச்சல்," என்றார்.

அந்தச் சொல் அவளை அன்றிரவு முழுவதும் தின்றது. இரட்டை மடிப்பு. நெருக்கமான தையல். காற்றுப் புகாத நாடா. தன்னுடைய பயிரைத் தன்னுடைய ஊசியாலேயே தைத்து மூடியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் மத்தியானம். பதினொரு பேரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நாகேஸ்வரி சங்கிலிப் பட்டியிலே காலை வைத்து ஏறினாள். சுபாஸ்கரன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் பாக்கேல்லை," என்றான்.

"பார் தம்பி. நல்லாய்ப் பார். ஆரும் கேட்டால் நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லு."

நாடாவை வெட்டினாள். பட்டின் உட்புறத்திலே சந்தனமும் புழுதியும் சேர்ந்து சீமெந்துபோல இறுகியிருந்தன. மூடியையும் அதன் கீழிருந்த வடிகட்டியையும் இருவருமாகக் கழற்றித் தட்டினார்கள். பட்டை மடித்து, சாரதி இருக்கைக்கு மேலே, கூரைக் கம்பியிலே மரியாதையாகக் கட்டினாள். சுபாஸ்கரன் சாவித் துளையிலே திறப்பைத் திருப்பினான்.

எஞ்சினின் குரல் மாறியது. இருமிக்கொண்டிருந்தவன் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசத் தொடங்கியதுபோல. புகை வெளுத்தது. பிளேட் மண்ணுக்குள் இறங்கியது, மண் குவிந்தது, குவிந்த மண் முழுதாக நகர்ந்தது. திரும்பி வந்த பதினொரு பேரும் தொலைவிலிருந்து பார்த்தார்கள். பொழுது சாயும்வரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடைபடுகிற அணையைப் பார்ப்பது எல்லாருக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. முப்பது யார் உடைப்பிலே எட்டு யார் மிஞ்சியது. இன்னும் அரை நாள் வேலை.

நாலாம் நாள் காலையிலே கதிரவேலரின் கண்ணிலே உருண்டையின் வெறுந்தலை பட்டது.

"ஆர் உதைக் கழட்டினது?"

"நான்," என்றாள் நாகேஸ்வரி.

"ஒரு பொம்பிளை ஏறி நிண்டு..." அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதையும் எல்லாரும் கேட்டார்கள். "இது தீட்டு. பிராயச்சித்தம் செய்யாமல் இயந்திரம் அசையப்படாது. சுபாஸ்கரன், திறப்பைத் தாரும்."

"தலைவர், நேற்றைக்கு இழுத்ததைப் பாத்தனீங்கள்தானே," என்றான் சுபாஸ்கரன். "இன்னும் எட்டு யார். மத்தியானத்துக்குள்ளை முடிச்சிடுவன்."

"திறப்பு."

"கதிரவேலண்ணை," என்றாள் நாகேஸ்வரி. "என்னைச் சபையிலையிருந்து நிப்பாட்டுங்கோ. தெண்டம் போடுங்கோ. கோயில் வீதியைக் கூட்டச் சொல்லுங்கோ, கூட்டுறன். அந்த எட்டு யாரை மட்டும் இண்டைக்கு அடைக்க விடுங்கோ. நாளையிண்டைக்குப் பறுவம்."

"ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்குது, பிள்ளை. கை உயர்த்துவம்."

பதினொரு கைகள் உயர்ந்தன. உள்வயல்காரர் மூவரின் கைகளும் அந்தப் பதினொன்றில் அடக்கம். திறப்பு கதிரவேலரின் சட்டைப் பைக்குள் இறங்கியது.

இரண்டு நாள் நாகேஸ்வரியும் சுபாஸ்கரனும் உரப் பைகளிலே மண் நிரப்பி அடுக்கினார்கள். தொண்ணூறு மூட்டை. பறுவத்தன்று காலையிலே தெற்கிலிருந்து காற்றும் சேர்ந்தது. பதினொரு மணிக்கு நீரேரி அணையின் அடியை நக்கியது. பன்னிரண்டுக்கு மூட்டைகளுக்கு நடுவே கசிந்தது. பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு உள்ளே போனது. நாகேஸ்வரி முழங்காலளவு தண்ணீரிலே நின்று, கையாலே ஒரு வாய் அள்ளி ருசி பார்த்துத் துப்பினாள். நூறு யாருக்கு அப்பால் புல்டோசர், நல்ல மூச்சோடும் முழு வலுவோடும், திறப்பில்லாமல் நின்றது.

ஐயர் கொழும்பிலிருந்து வந்தார். கதையைக் கேட்டவர் திகைத்தார். "பூசை முடிஞ்ச கையோடை கழட்டியிருக்க வேணுமே. நாப்பத்தொரு நாளெண்டு ஆர் சொன்னது?" என்றார். கதிரவேலர், ஐயருக்குத் தேநீர் ஊற்றும்படி நாகேஸ்வரியிடம் சொன்னார். அவள் ஊற்றவில்லை.

அன்றைய கூட்டறிக்கைப் புத்தகத்திலே இப்படி எழுதியிருக்கிறார்கள்: "இயந்திரம் பழையதாகையாலும் எஞ்சின் வலு போதாமையாலும் அணை வேலை பூர்த்தியாகவில்லை. வலுக்கூடிய புதிய இயந்திரம் வேண்டி விண்ணப்பிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது." கீழே பதினொரு கையொப்பங்கள். பன்னிரண்டாவது இடம் வெறுமையாக இருக்கிறது. புத்தகத்தை அவள் முன்னே நீட்டி, "ஒரு ஒப்பந்தானே, பிள்ளை," என்றார் கதிரவேலர்.

"இந்த வசனத்தைப் பொதுக்கூட்டத்திலை சத்தமாய் வாசியுங்கோ. என்ரை வயலுக்குள்ளை நிண்டு வாசியுங்கோ. பிறகு வைக்கிறன்," என்றாள் நாகேஸ்வரி.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்கூட்டம். அவள் எழுந்து நிற்பாள், தனியாக நிற்பாள். இதை வாசிக்கிறவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு சங்கம் இருக்கிறது. கையொப்பத்துக்கு நீட்டப்படுகிற ஒரு புத்தகம் இருக்கிறது. எதிரே சொல்லப் பயந்து உயர்கிற கைகள் இருக்கின்றன. அவற்றிலே உங்களுடைய கையும் ஒன்று. இந்த ஞாயிறு கூட்டத்துக்குப் போங்கள். முன்வரிசையிலே இருங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள்; பொய்யென்றால் பொய்யென்று எழுந்து சொல்லுங்கள்; சொன்னவள் ஒருத்தியென்றால் அவளுக்குப் பக்கத்திலே போய் நில்லுங்கள். எட்டு யார் இன்னும் திறந்து கிடக்கிறது. அடுத்த பறுவம் வருமுன்னர் அந்தச் சட்டைப் பையிலிருந்து திறப்பை வாங்குங்கள்.