பழைய பாஸ்வேர்டு

“நீங்க வான்னு சொன்னேள்னா அடுத்த ரயில்லயே வந்துடுவேன்.”

“அதைக்கூட வாய்விட்டுச் சொல்லணுமா, வசு?”

“சொல்லணும். நீங்க சொல்லாததையெல்லாம் நானே புரிஞ்சுண்டு இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. போதும்.”

ஹவுரா ஸ்டேஷனில் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஜம்புநாதன் சிரித்தார். மகள் சஹானாவின் பிரசவத்துக்காக வசுமதி சென்னைக்குப் புறப்பட்ட நாள் அது. 2004. பேரனுக்கு இப்போது இரண்டு வயது முடியப்போகிறது. ஞாயிறு காலைதோறும் போனில் பேசுகிறார்கள். சால்ட் லேக்கில் மழை பெய்ததைச் சொல்வார், காஸ் சிலிண்டர் வந்ததைச் சொல்வார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லமாட்டார். குழந்தையோடு சந்தோஷமாக இருப்பவளைக் கூப்பிடுவது சுயநலம் என்று நினைப்பு. கூப்பிட்டு, அவள் தயங்கிவிட்டால் என்கிற பயமும்தான்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவரிடம் மிஞ்சியிருந்தது தமிழ்ச் சங்கத்து நூலகப் பொறுப்பு. நாலாயிரம் புத்தகங்களின் பட்டியலை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றியது அவர்கள் இருவருமாகத்தான். அவர் தலைப்பை வாசிப்பார்; அவள் அடிப்பாள். ஒரு வருஷத்து மாலைகள் அப்படிப் போயின.

சனிக்கிழமை லோட் ஷெடிங்கில் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டபோது டேட்டாபேஸ் மென்பொருள் கிளம்பவில்லை. யாரையும் கேட்காமல் அதை நீக்கிவிட்டு, சிடியிலிருந்து புதிதாக ஏற்றி, புது பாஸ்வேர்டும் கொடுத்தார். கிளம்பியது. உள்ளே ஒரு புத்தகம்கூட இல்லை.

நல்லவேளை, பழைய ஃபோல்டர் டிஸ்கிலேயே கிடந்தது. அதற்குள்ளிருந்து நூலகப் பகுதியை மட்டும் எடுத்துப் புதியதில் போட்டார். அட்டவணைகளின் பெயர்கள் வந்தன. திறந்தால் அப்படி ஒன்றுமே இல்லை என்றது. ஞாயிறு மதியம்தான், கையேட்டைப் புரட்டிப் புரட்டி, விஷயம் பிடிபட்டது. அவர் எடுத்துப் போட்டது வெறும் கூடு. உள்ளிருந்ததெல்லாம் வெளியே ஒரே பொதுக் கோப்பில் இருக்கிறது. தனியாகப் பிரித்து எடுத்தால் வராது. மென்பொருளை நிறுத்தி, பழைய ஃபோல்டரை முழுசாக அதன் இடத்தில் வைத்து, மறுபடி இயக்கினார்.

பாஸ்வேர்டு தப்பு என்றது.

பழையதோடு பழைய பாஸ்வேர்டும் திரும்பி வந்துவிட்டது. அதை வைத்தவள் வசுமதி. இத்தனை நாள் கம்ப்யூட்டரே அதை நினைவில் வைத்திருந்தது. நேற்று அதன்மேல் புதியதை அடித்து அழித்தவர் அவர்தான்.

போன் செய்தார்.

“காலம்பறதானே பேசினோம்? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“உடம்புக்கென்ன! கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு வேணும்.”

“அதானே பார்த்தேன். எங்கே என் ஞாபகம் வந்துடுத்தோன்னு பயந்துட்டேன்.” சிரித்தாள். “எழுதிக்கோங்கோ. நாலு, ஏழு, அஞ்சு...”

மூன்றாவது எண்ணுக்குமேல் அவள் சொல்லத் தேவைப்படவில்லை. மீதியை அவர் விரல்களே அடித்துவிட்டன. கல்யாணத்துக்கு முன், பாலிகஞ்சில் அவள் அப்பா வீட்டில் போன் கிடையாது. பக்கத்து ஃப்ளாட்டின் பி.பி. நம்பர் இது. “மாசிமா, வசுமதிகே ஏக்டு டேகே தெபேன்?” என்று, முகம்கூடத் தெரியாத ஓர் அம்மாளிடம் அரைகுறை வங்காள மொழியில் அவளைக் கூப்பிடச் சொல்வார். அன்று அதற்கு வெட்கமே பட்டதில்லை.

“திறந்துதா?”

“ம்.”

எல்லாம் வந்திருக்கிறதா என்று பார்க்க இரவல் பட்டியலை முழுவதுமாகத் திறந்தார். இதுவரை உறுப்பினர் பெயரைத் தேடித்தான் பார்த்திருக்கிறார். இப்போது, இன்னும் திரும்பி வராதவற்றில் மிகப் பழைய வரி முதலில் நின்றது. புத்தக எண் 1186. எடுத்தவர், வசுமதி. தேதி, அவள் ரயில் ஏறிய நாள்.

“வசு, நீ லைப்ரரி புஸ்தகம் எடுத்துண்டு போயிருக்கியா?”

“ரெண்டு வருஷம் கழிச்சுக் கேக்கறேளே! பதினஞ்சு நாள் தாண்டினா ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் கார்டு போடற மனுஷர். எனக்கு மட்டும் ஒரு கார்டு வரலை.”

அவர் திரும்பிப் பார்த்தார். சமையலறை மேடையில் ஒற்றை டம்ளர் கவிழ்ந்திருந்தது. காலையில் அவரே கழுவி வைத்தது.

“சரி,” என்றாள். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “சஹானாகிட்ட குடுத்து நாளைக்குக் கூரியர்ல அனுப்பிடறேன். சங்கத்துச் சொத்து எனக்கெதுக்கு?”

“அனுப்பாதே.”

“பின்னே?”

ரிசீவரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“நீயே கொண்டு வா. எனக்குத் தனியா இருக்க முடியலை. வந்துடு, வசு.”